ஹல்வோர் நெஸ்டேயின் மேசை

வாப்பிள் பலகாரம் சாப்பிட்ட கையோடு நான் யாரையும் மாடிக்கு விடுவதில்லை. துடைத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். கவிஞருக்கும் அதே விதிதான் இருந்தது.

அவர் உயிரோடு இருக்கும்போதே வீட்டை நினைவில்லம் ஆக்கியது உண்மைதான். மீனையும் மழையையும் விட்டால் எங்கள் ஊரில் காட்டுவதற்கு ஹல்வோர் நெஸ்டே ஒருவர்தான். மீனவர் மகன். மாடி மேசையில் இளவயதில் எழுதிய கவிதைகளை நார்வே முழுக்கத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு நான்கு நாவல்கள். எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் தனியாக உட்கார்ந்து மழையைக் கேட்பார். நகராட்சி வீட்டை வாங்கியது, சாகும்வரை அவர் குடியிருக்கலாம் என்ற நிபந்தனையோடு. என்னைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். கையேட்டில் ‘இங்கே வாழ்ந்தார், இங்கே எழுதினார், இங்கே மறைந்தார்’ என்று முன்கூட்டியே அச்சடித்துவிட்டோம்.

தொல்லை என்னவென்றால், மனிதர் காட்சிப்பொருள் மேலேயே உட்காருவார். பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றை உள்ளாடையோடு தாண்டி வந்து, “ஏம்மா ஊன்னி, என் பல்செட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டியா? நான் எதை வச்சு ரொட்டி மெல்றது?” என்பார். பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

அந்தப் பல்செட்டால்தான் எல்லா வினையும். புதிது கட்டிக்கொள்ளப் போன இடத்தில் பல் டாக்டரம்மா தூரித்தோடு காதல். எழுபது தாண்டிய மனிதர் படியேறும்போது சீட்டியடிக்க ஆரம்பித்தார். சுவரில் நாங்கள் பெரிதாக எழுதி வைத்த கவிதை வரி உங்களுக்குத் தெரியும்: ‘இந்த வீட்டின் மழையை என்னோடு யாரும் கேட்டதில்லை.’ அதன் கீழே பென்சிலால் ‘தூரித் வரும்வரை’ என்று கிறுக்கியிருந்தார்.

“இப்படி இஷ்டத்துக்கு மாத்தாதீங்க ஹல்வோர். அது உங்களோடது இல்ல, நகராட்சியோடது” என்றேன்.

“அது பொய்ம்மா. நான் அதை எழுதும்போது கீழ அம்மா மீன் வறுத்துட்டு இருந்தாங்க, தங்கச்சிங்க அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. தனிமையாவது ஒண்ணாவது. அக்டோபர்ல தூரித்தும் நானும் போர்ச்சுகலுக்கே போயிடறோம். வெயில்ல உக்காந்து ஒரு நாவல் எழுதப்போறேன். கடைசியில எல்லாருக்கும் கல்யாணம்.”

இதை அவர் சொன்னது மார்ச் மாதம். போர்ச்சுகலில் செத்தால் கையேடு என்ன ஆவது? சுவர் என்ன ஆவது? அவர் பொய் என்று சொன்ன அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நான் கல்யாணமே வேண்டாமென்று இருந்தேன்.

அக்டோபரில் பெட்டி கட்டினார். “மேசையையும் எடுத்துட்டுப் போறேன். ஒரு கை பிடி” என்றார். எங்கள் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. அவர் கீழ்ப்பக்கம், பின்னால் நகர்ந்தபடி, நான் மேல்பக்கம். “மெதுவாம்மா, கால் வைக்க இடம் பாக்கறேன்” என்றார்.

தள்ளினேன். தள்ளினேன் என்றே எழுதுங்கள். கை நழுவியது என்று போட்டால், பொருளைக் கையாளத் தெரியாதவள் என்று நகராட்சியில் பேசுவார்கள். மேசைக்கு ஒரு காலில் மட்டும் கீறல். மெழுகு தேய்த்துச் சரிசெய்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். வாசல் பித்தளைப் பலகையில் அவர் இறந்த வருடத்தை ஏப்ரலிலேயே பொறித்து வைத்தது ஏன் என்று கேட்டீர்கள். கோடையில் பொறிப்பவருக்கு வேலை அதிகம்.

அவர் போன பிறகு கூட்டம் குறைந்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. வருகிறவர்கள் “அந்தப் பல்செட் தாத்தா எங்க?” என்று கேட்டுவிட்டு, கவிதையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். இன்று உங்கள் ஆட்களைப் பார்த்த பிறகுதான் மனசு நிறைந்தது. காலுக்கும் கைக்கும் உறையை அவர்களே கொண்டுவந்திருக்கிறார்கள். எதையும் அனாவசியமாகத் தொடவில்லை. மேசையை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்கிறார்கள். படிக்கட்டுக்குக் குறுக்கே நாடா கூடக் கட்டிவிட்டார்கள்.

நானே உங்களோடு வருகிறேன், கையைப் பிடிக்க வேண்டாம். அடுத்த முறை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். திறந்து காட்ட நான்தான் இருப்பேன்.