இரண்டே இரண்டு மதிப்பெண்

"உடைக்காதீங்க சார், சாவி என்கிட்டயே இருக்கு" என்று சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் காவலர் தோளால் மூன்றாவது இடி இடித்துவிட்டார். நல்ல கதவு, மேடம். போன வருடம்தான் மாற்றினேன். குறையாகச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன்.

கதவு விழுந்தபோது என் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அப்பா, இன்னும் இருபது நிமிஷம் இருக்கே?" என்றாள். மாதிரித் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

பதினொரு மாதம் அந்த அறையில் இருந்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு, உள்ளேயே குளியலறை. ஜன்னல் கண்ணாடியில் பழைய கேள்வித்தாள்களை ஒட்டியது நான்தான். வெளியே பார்த்தால் கவனம் சிதறும். போனை வாங்கி வைத்ததும் அதற்காகத்தான்.

முதல் மாதம் கதவைப் படபடவென்று தட்டினாள். மாடி வீட்டம்மா எட்டிப் பார்த்து, "பரீட்சை டென்ஷனா? எங்க வீட்லயும் இதே கூத்துதான்" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு டி.வி. சத்தமும் குறைந்தது.

என் அக்கா மட்டும் பூட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டா, வெளியில பூட்டியிருக்க?"

"அவளே பூட்டச் சொன்னாக்கா. ரெண்டு மார்க்ல போச்சுல்ல?"

"அதுவும் சரிதான். உன்னை மாதிரி இல்லாம பொண்ணாவது உருப்படட்டும்" என்றவள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் நடந்து போனாள். பரீட்சை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேடம். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மூன்றாவது மாதத்திலிருந்து என் மகள் கதவைத் தட்டவில்லை. கேள்வித்தாள் தாமதமானால்தான் கூப்பிடுவாள்.

என் தவறு ஒன்றுதான். அவள் விடைத்தாள்கள் அவ்வளவு அழகாக இருந்தன. திருத்த ஆளில்லாமல் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய பழைய கணக்கு வாத்தியார் என் ஜெராக்ஸ் கடைக்கு வருவார். பெயரில்லாமல் அவரிடம் கொடுத்தேன். கடைக்கு வரும் பையன் எழுதியது என்றேன். தொண்ணூற்றாறு போட்டார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாவது தாளில் அவர் கை நின்றது. முடித்த கணக்குக்குக் கீழே அவள் குட்டியாக ஒரு நட்சத்திரம் போடுவாள். ஆறாம் வகுப்பிலிருந்து உள்ள பழக்கம்.

"இந்தப் பொண்ணு காலேஜ்ல இல்ல இருக்கணும்?" என்றார். டீ சொல்லி மழுப்பினேன். மறுநாள் உங்களோடு வந்து நின்றார்.

மேஜைமேல் நீங்கள் வைத்திருக்கும் இந்த மதிப்பெண் பட்டியல் அசல்தான். பள்ளியிலேயே அவள்தான் முதல். கேட்ட கல்லூரியில் இடமும் கிடைத்தது. ரயிலில் இரண்டு நாள் பயணம். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் என்னோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? அவளுக்கும் வெளியுலகம் தெரியாது.

அவளிடம் நான் காட்டிய பட்டியல் என் கடையில் அச்சடித்தது. தோற்றதாகப் போட்டேன். ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். தேர்ச்சிக்கு இரண்டே இரண்டு மதிப்பெண்தான் குறைத்தேன். அதற்குமேல் குறைக்கப் பெற்ற மனம் கேட்கவில்லை.