வடகாற்று ஓயட்டும்

இரண்டு பேருக்கு இரண்டு தட்டு போதும் என்பது எங்களுக்குப் புரிய முப்பத்தாறு வருடம் பிடித்தது. நெப்ராஸ்காவில் எங்கள் வீட்டில் நாற்பத்திரண்டு தட்டுகள் இருந்தன. வீட்டை விற்ற வாரம் நோரீன் அவற்றைப் புல்வெளியில் பரப்பி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்தாள். கடைசித் தட்டு போனதும் கையை உதறிவிட்டுச் சிரித்தாள். என் மனைவியை நான் மிக அதிகமாக நேசித்த நாள் அதுதான்.

நான் மாவட்ட அலுவலகத்தில் வீடுகளை அளந்து வரி போடும் வேலையில் இருந்தவன். முப்பது வருடம் ஊராருடைய படுக்கையறைகளை நாடா பிடித்து அளந்தவனுக்கு, வீடு என்றாலே மூச்சு முட்டும். அதனால் கோடையில் வீட்டுவண்டி, குளிர்காலத்தில் பாய்மரப் படகு என்று ஆக்கிக்கொண்டோம். நவம்பரில் வண்டியை ஃப்ளோரிடாவில் ஒரு கொட்டகையில் விட்டுவிட்டு பஹாமாஸ் தீவுகளுக்குக் கடப்போம். ஏப்ரலில் திரும்புவோம். ஒன்பது வருடம் இப்படி இருந்தோம்.

படகில் வேலையைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் குடும்பம் நடத்த முடியாது. சமையலும் பாய்களும் அவளுக்கு. இயந்திரமும் வானொலியும் வானிலையும் எனக்கு. ஆடும் படகில் திரையில் எழுத்தைப் பார்த்தால் அவளுக்குக் குமட்டும். ஆகவே தினமும் காலை ஏழு மணிக்கு நான் வானிலையைப் படித்து அவளுக்குச் சொல்வேன். கெல்சி, அதாவது எங்கள் மகள், செயற்கைக்கோள் கருவியில் அனுப்பும் செய்திகளையும் நானே படித்துக் காட்டுவேன்.

வடகாற்றில் நீரோட்டத்தைக் கடக்கக் கூடாது என்பது எங்களைப் போலப் படகில் வாழும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஃப்ளோரிடாவுக்கு முன்னால் கடலுக்குள் ஓர் ஆறு வடக்கே ஓடுகிறது. காற்று அதற்கு எதிராக அடித்தால் அலைகள் செங்குத்தாக நிற்கும். ஊரில் கல்யாணமோ சாவோ, காற்று மாறும்வரை உட்கார்ந்திருப்போம். யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டோம்.

பிப்ரவரி நான்காம் தேதி, தெற்குக் கோடியில் ஆளில்லாத ஒரு தீவருகே, நோரீனின் காலைப் பவளப்பாறை கிழித்தது. சுண்டுவிரலுக்குக் கீழே ஓர் அங்குலம் இருக்கும். அவளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. நான்காம் நாள் பாதம் வீங்கியது. எட்டாம் நாள் விரல் கறுத்தது. கையிலிருந்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தேன். படகைச் சோதனை போட்டிருப்பீர்கள், வேண்டுமானால் காலி அட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

முதல் ஒன்பது நாள் உண்மையாகவே வடகாற்று. பத்தாம் நாள் காலை அது தென்காற்றாக மாறி, மெல்ல வீசியது. கிளம்பினால் மூன்றே நாளில் ஆஸ்பத்திரி.

"இன்னிக்குக் காத்து எப்படி, லைல்?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள்.

"வடக்கு. வேகம் இருபத்தஞ்சு."

"இந்தக் காத்துக்கு நம்ம மேல என்ன கோவமோ. நான் எதுவும் பண்ணல. நீதான் ஏதாவது பண்ணியிருப்ப."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கரைக்குப் போனால் காலை வெட்டி எடுப்பார்கள். ஒற்றைக் காலோடு படகில் ஏற முடியாது. வண்டியின் படி கூட ஏற முடியாது. கெல்சி தன் வீட்டில் தரைக்கடியில் இருக்கும் கீழ்த்தளத்தில் எங்களுக்கென்று ஓர் அறை தயார் பண்ணி வைத்திருந்தாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி கூடப் போட்டாயிற்று. போன கோடையில் அதைக் காட்டினாள். பழக்க தோஷம், கண்ணாலேயே அளந்துவிட்டேன். பன்னிரண்டடிக்குப் பதினான்கு. ஒரே ஜன்னல், அதில் புல்லின் வேர் தெரியும். "நல்லா இருக்குடி," என்று நோரீன் அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தாள். அந்த அறைக்குள் போனால் நான் செத்துவிடுவேன் என்று தெரிந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பதின்மூன்றாம் நாள் ஓடீல் வந்தாள். கியூபெக்காரி, பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த படகு அவளுடையது. சின்னப் படகில் துடுப்புப் போட்டு வந்து, மாத்திரை அட்டைகள் இரண்டை நீட்டினாள்.

"நாளைக்கு நாங்க வடக்கே கிளம்புறோம். இவ்வளவு நல்ல காத்து திரும்ப எப்ப வருமோ. நோரீனை எங்களோட அனுப்புங்க, லைல்."

"டாக்டர்கிட்ட பேசிட்டேன்," என்றேன். "வியாழக்கிழமை விமானம் வருது. இப்பத்தான் தூங்கினா, எழுப்ப வேணாம்."

மறுநாள் காலை அவர்கள் நங்கூரச் சங்கிலியை இழுக்கும் சத்தம் நோரீனுக்குக் கேட்டுவிட்டது. தெற்கே போகிறார்கள் என்று சொன்னேன். "பைத்தியங்க," என்றாள். பிறகு, "கெல்சிக்குச் சொல்லு, கால் ரொம்ப மோசமா இருக்குன்னு," என்றாள். நான் கருவியில் தட்டினேன்: எல்லாம் நலம், மீன் நிறையக் கிடைக்கிறது.

பதினேழாம் நாள் படுக்கைக்கு மேலே திறந்திருந்த கூரைக்கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். "லைல், நம்ம கொடி வடக்க பார்த்துல்ல பறக்குது. காத்து தெக்கேருந்து தானே வருது?"

"இங்க அப்படி. நீரோட்டத்துல வேற மாதிரி."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். "சரி, உனக்குத்தான் தெரியும்," என்றாள். அதன் பிறகு காற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

இருபதாம் நாள் காய்ச்சல் உச்சத்தில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"காலை எடுத்தா எடுக்கட்டும். ரெண்டையும் எடுத்துக்கட்டும். என்னைக் கூட்டிட்டுப் போ, லைல். நான் தவழ்ந்துகிட்டாவது இருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. உண்மையான அழுகைதான். "காத்து ஓயட்டும்மா," என்றேன். நெற்றியில் ஈரத்துணி மாற்றினேன். மூன்று மணிக்கு மாத்திரை கொடுத்தேன்.

நீங்கள் படகின் பதிவேட்டைப் படித்துவிட்டீர்கள் என்று தெரியும். அதில் ஒவ்வொரு நாளும் காற்றின் திசையும் வேகமும் சரியாக எழுதியிருக்கிறேன். பதினோரு நாள் தெற்கு, பதினோரு நாளும் கடக்கத் தோதான காற்று. முன்யோசனை உள்ளவனாக இருந்தால் அதையும் மாற்றியிருப்பேன் என்கிறீர்கள். ஒன்பது வருடமாக எழுதி வந்த ஏடு. அதில் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அவளிடம் சொல்வது வேறு.

இருபத்துநான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு அவள் போய்விட்டாள். வானொலியில் உதவி கேட்டிருந்தால் ஹெலிகாப்டர் நான்கு மணி நேரத்தில் வந்திருக்கும். முந்தின நாள் கேட்டிருந்தாலும் வந்திருக்கும். பத்தாம் நாள் கேட்டிருந்தால் அவள் இப்போது கீழ்த்தள அறையில் உட்கார்ந்திருப்பாள். நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைப் பாய்த்துணியில் சுற்றி, மறுநாளே கிளம்பினேன். மூன்றாம் நாள் நீரோட்டத்துக்குள் நுழைந்தபோது உண்மையிலேயே வடகாற்று, முப்பதுக்கு மேல். கடக்கவே கூடாத காற்று. பதினாறு மணி நேரம் சுக்கானை விடவில்லை. ஒவ்வொரு அலையிலும் படகு தலைகுப்புற விழுந்து எழுந்தது. ஒரு கயிறு அறுந்தது, ஒரு பாய் கிழிந்தது, அவ்வளவுதான். கரை வந்துவிட்டது. நோரீன் மட்டும் அதைப் பார்த்திருந்தால் பயந்து நடுங்கியிருப்பாள். அந்தக் கஷ்டம் அவளுக்கு வரக் கூடாது என்றுதான் அத்தனை நாளும் காத்திருந்தேன்.