தேதி மாத்துற பக்கம்

இல்லீங்கய்யா, நான் இன்சூரன்ஸ் ஆளு இல்ல. ஜாஹித்னு பேரு, ஊரு கீழ்வேளூரு. திருவையாத்துல உங்க விவசாயிங்க குழு ஆபீஸ் இருக்குல்ல, அதுக்கு மேல்மாடியில ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி, அங்கதான் வேலை. நெல்லு காய வைக்கிற மெஷினுக்கு டோக்கன் போடுவாங்களே, அந்த புரோகிராம் நாங்க எழுதிக் குடுத்தது. ஆமா, உங்க பொண்ணு வானதி உக்காந்து டோக்கன் போட்டது அதுலதான்.

எந்திரிக்காதீங்கய்யா. அது பேர எடுக்காதேன்னா எப்படி? அதப் பத்திப் பேசத்தானே வந்திருக்கேன். ரெண்டு தடவ உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டு அப்படியே வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கேன். அஞ்சு நிமிசம் கேளுங்க. அப்பறம் வெளிய போடான்னா போயிடுறேன்.

திரையில சரின்னு ஒரு பட்டன் இருக்கும். அந்தப் பட்டனுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. அமுக்குனா என்ன செய்யணும்னு தனியா எழுதி வச்சிருப்போம், கன்ட்ரோலர்னு பேரு. இந்தப் பக்கத்துக்கு இந்த கன்ட்ரோலர்னு ஒரே ஒரு வரியில மாட்டி விட்டுருவோம். டோக்கன் போட ஒண்ணு, ரத்து பண்ண ஒண்ணு, தேதி மாத்த ஒண்ணு. பக்கத்துல என்ன எழுதியிருந்தாலும் சரி, எத மாட்டியிருக்கோ அதுதான் வேலை செய்யும். ஆங்... அதேதாங்கய்யா. ஃபேன்னு எழுதுன சுவிட்சுல லைட்டு ஒயர குடுத்த மாதிரி. நீங்க சட்டுனு புரிஞ்சிக்கிட்டீங்க.

அந்த வியாழக்கிழமை மெஷின் ரிப்பேராச்சுல்ல? அன்னைக்கு டோக்கன் வாங்குன முப்பத்தொரு பேரையும் வெள்ளிக்கிழமைக்கு மாத்தச் சொன்னாங்க. வானதி ஒவ்வொண்ணா எடுத்து தேதி மாத்திச்சு. திரையிலயும் தேதி மாத்தியாச்சுன்னுதான் காட்டிச்சு. ஆனா உள்ள அம்புட்டும் ரத்தாயிடுச்சு. ரத்து பண்ற பக்கத்த காப்பி எடுத்துதான் தேதி மாத்துற பக்கத்த செஞ்சது. தலைப்பு மாத்தியாச்சு, கலர் மாத்தியாச்சு, அந்த ஒரு வரி மட்டும் மாத்தாம விட்டுப்போச்சு.

தெரியுங்கய்யா. உங்க டிராக்டரு ரோட்டோரமா நின்னுச்சு, மூணு நாள் மழை, நெல்லு முளைச்சிருச்சு. முப்பத்தொரு பேரு குறுவை நெல்லும் அப்படித்தான் போச்சு. குழு ஆபீஸ்ல கம்ப்யூட்டரப் பாத்தா வானதி பேரு, பக்கத்துலயே ரத்து. போதாதா? ஈர நெல்ல மலிவா வாங்குற வியாபாரிக்கிட்ட எதையோ வாங்கிக்கிட்டு செஞ்சிருச்சுன்னு ஊரே பேசுச்சு. வானதி, நான் மாத்தத்தான் செஞ்சேன், மாத்தத்தான் செஞ்சேன்னு கத்துச்சு. யாரு கேட்டா?

நீங்களும் கேக்கல. சொல்லிக் காட்டலங்கய்யா. அந்த எடத்துல எங்க வாப்பாவா இருந்தாலும் அப்படித்தான் செஞ்சிருப்பாரு.

எழுதுனது யாரா? நாந்தாங்க. வேற யாரும் கை வைக்கல.

அடிங்கய்யா. அதுக்கும் தயாராத்தான் வந்தேன்.

இன்னைக்கு காலையில எங்க முதலாளிக்கிட்டயும், உங்க குழுத் தலைவர் பஞ்சநதம் அய்யாகிட்டயும் தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். இந்தாங்க, காப்பி. வேலை போயிடும். போகட்டும். வானதிக்கு இன்னும் சொல்லல. வீட்ட விட்டுப் போனதுலேருந்து திருப்பூர்ல பனியன் கம்பெனியிலதான் இருக்கு, முந்தாநாள் எனக்கு போன் பண்ணுச்சு. என்ன கேட்டுச்சு தெரியுமா? அண்ணே, உங்களுக்குத்தான் அந்த புரோகிராம் தெரியுமே, அன்னைக்கு நாந்தான் கவனிக்காம ரத்துல போயி அமுக்கிட்டேனோ, இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்குண்ணேன்னுச்சு. செய்யாததச் செஞ்சோம்னு நம்ப ஆரம்பிச்சிருச்சுங்கய்யா. அதுக்கப்பறந்தான் இத எழுத உக்காந்தேன்.

தண்ணி வேணாங்க. இருக்கட்டும்.

என்னங்க? எப்பக் கண்டுபிடிச்சேன்னா?

அடுத்த திங்கக்கிழமை காலையிலங்க. ஆமா, அதே திங்கக்கிழமைதான். பத்து மணிக்கெல்லாம் அந்த வரியப் பாத்து, மாத்தி, மூடி வச்சிட்டேன். நீங்க பதினோரு மணிக்கு வந்து ஆபீஸ் வாசல்ல வச்சு வானதிய அடிச்சீங்க. அப்ப நான் மேல ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதாங்கய்யா இருந்தேன்.