முசியே பெஞ்சமேன் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் படித்துச் சொன்னது

என் பெயர் கலியமூர்த்தி. தகப்பனார் பெயர் சுப்பராயன். வயது ஐம்பத்து நான்கு. புதுச்சேரி குருசுக்குப்பத்தில் குடியிருக்கிறேன். சொந்த வீடு என்று முதலில் எழுதச் சொன்னேன், அது என் மைத்துனன் வீடு. படிப்பு பத்தாவது பாஸ் என்று சொன்னதையும் அடித்துவிட்டு ஒன்பதாவது ஃபெயில் என்று எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டுக்கொண்டேன். பஸ் நிலையம் அருகில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்காருகிறேன். தெருவில் என்னைக் கம்ப்யூட்டர் என்ஜினீயர் என்பார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

முசியே பெஞ்சமேன் மயங்கி விழுந்தது சம்பந்தமாக முன்பு என்னை விசாரித்தபோது நான் சொன்னது பொய். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகப் போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். அவர் வீட்டில் சமையல் செய்யும் அன்னக்கிளியைத் தினமும் வரவழைத்து வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் பேரில் குற்றம் இல்லை.

முசியே பெஞ்சமேன் எங்கள் அடுத்த தெரு, முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. வயது எழுபத்தாறு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். அந்த நாட்டு ஜனாதிபதியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர் என்று நான் சொன்னபோது உதவி ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், கதை வேணாம், நடந்தத மட்டும் சொல்லு" என்றார். ஆகவே அது வேண்டாம். மனைவி ஆன் அம்மாள் காலமாகிவிட்டார். ஒரே மகள் அனைஸ் பிரான்சில் நர்ஸ் வேலையில் இருக்கிறது. அது வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அவர் வீட்டு முன் அறையில் இருக்கிறது.

சென்ற வாரம் வெள்ளிக்கிழமை மதியம் அன்னக்கிளி வந்து அவர் கூப்பிடுவதாகச் சொன்னாள். போனேன். அவருக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிக் கட்டுப் போட்டிருந்தது, மறு கண்ணால் பெரியதாக இருப்பதைத்தான் பார்க்க முடியும், சின்ன எழுத்து தெரியாது. கம்ப்யூட்டர் திரை முழுக்க ஆன் அம்மாள் கடற்கரையில் அலையில் நிற்கும் போட்டோ இருந்தது. திரையின் அடியில் ஓடும் டாஸ்க்பார் பட்டை, தானாக மறைய வேண்டியது, மறையாமல் நின்று அந்த அம்மாளின் பாதத்தை மூடிக்கொண்டிருந்தது.

"இன்னாடா கலியா, என் பொண்டாட்டி காலே இல்லாம நிக்கிறா. இந்தப் பட்டய ஓட்டுடா" என்றார்.

"இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா முசியே? பாண்டியில பாதி பட்டை நான் ஓட்டுனதுதான்" என்றேன். அதுவரை நான் ஓட்டிய பட்டை எதுவும் இல்லை. சென்டரில் பையன்கள் செய்வதைக் கல்லாவில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அதன் பிறகு பட்டையில் வலது பக்க பட்டனை அழுத்தி, தானாக மறையும்படி போடும் டிக் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், பட்டை போகவில்லை. மவுஸைக் கழற்றி ஊதி மாட்டினேன். அதன் பிறகு வேர்த்துவிட்டதால் ஃபேனை வேகமாக வைக்கச் சொன்னேன். அன்னக்கிளி ஃபேனைத் திருகிவிட்டு, "கம்ப்யூட்டருக்கா ஒனக்காண்ணே?" என்று கேட்டாள். அப்போதுதான் பட்டையில் ஒரு பெட்டி ஆரஞ்சு நிறத்தில் மின்னி மின்னி நிற்பதைக் கவனித்தேன். அது மெசஞ்சர், யாராவது எழுதி அனுப்பியதைத் திறந்து பார்க்காமல் விட்டால் அப்படி மின்னும், அது மின்னும் வரை பட்டை உள்ளே போகாது. இது எனக்கு அப்போது தெரியாது, இப்போது தெரியும். அதை அமுக்கினேன். அனைஸ் அனுப்பிய செய்தி பிரெஞ்சில் திறந்தது.

அதற்கு முன் நடந்தது ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முசியே ஏற்கெனவே பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை சாப்பிடுகிறார். மூட்டு வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று ஒரு மஞ்சள் மாத்திரையும் வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று மகளிடம் போனில் கேட்டிருந்தார், அது தன் டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தது. அந்தப் பதில்தான் இது.

மகள் எழுதியிருக்கிறாள் என்றதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "படிடா, உனக்குத்தான் பிரெஞ்சு தெரியுமே" என்றார். எனக்கு பிரெஞ்சு தெரியும் என்று டீக்கடையில் சொல்லி வைத்திருந்தேன். தெரியாது. சில சொல் தெரியும். அவர் வீட்டு விசேஷங்களில் தட்டு பரிமாறப் போவேன், தட்டை நீட்டும்போது "ப்ரான், ப்ரான்" என்பார்கள், எடுத்துக்கொள் என்று அர்த்தம். "பொன்சுவார்" சாயங்கால வணக்கம், அதனால் "சுவார்" சாயங்காலம். சொல்லின் கடைசியில் வரும் எஸ் எழுத்தை வாயால் சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

செய்தியில் முதல் சொல் "பப்பா". அடுத்து "ப்ரான்". அதை ஒட்டி பி, ஏ, எஸ் என்று ஒரு சொல். கடைசி எஸ்ஸை விட்டுப் பார்த்தேன், "பா" என்று வந்தது. எடுத்துக்கோப்பா என்று மகள் எழுதியிருக்கிறது என்று நினைத்தேன். நடுவில் இருந்த சொற்கள் எனக்குத் தெரியாதவை, கடைசியில் "சுவார்" இருந்தது.

"சத்தமா படிடா" என்றார்.

வாய்விட்டுப் படித்தால் என் உச்சரிப்பு அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே, "எதுக்கு முசியே, அர்த்தமாவே சொல்லிடறேன்" என்றேன். "அப்பா, அத எடுத்துக்கோப்பா, சாயங்காலமா எடுத்துக்கோ. அப்படின்னு பாசமா எழுதியிருக்கு."

"மஞ்சளையா?"

"மஞ்சளத்தான். டாக்டரே சொல்லிட்டாராம்" என்றேன். டாக்டர் என்று அதில் எங்கேயும் இல்லை. நான் சேர்த்தது.

அதன் பிறகு செய்தியை மூடினேன். பட்டை தானாகக் கீழே இறங்கி மறைந்தது. ஆன் அம்மாளின் இரண்டு பாதமும் தண்ணீரில் தெரிந்தது. முசியே திரைக்குக் கிட்டத்தில் போய் ஒற்றைக் கண்ணால் வெகு நேரம் பார்த்தார். என் தோளைத் தட்டிவிட்டு அலமாரியில் இருந்து வேன் என்கிற ஒயின் பாட்டிலை எடுத்து எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

கிளம்பும்போது அன்னக்கிளி வாசல் வரை வந்து, "நெசமாவே பொண்ணு அப்படித்தான் எழுதிச்சாண்ணே? ரெண்டையும் ஒண்ணா குடுக்க எனக்கு என்னமோ பயமா கீது" என்றாள். "படிச்சது நான்மா. குடு" என்றேன். அன்று சாயங்காலம் அவள் இரண்டையும் கொடுத்தாள். நான் டீக்கடையில் பிரெஞ்சு படித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்தபோது முசியே குளியலறை வாசலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அதன் பிறகு நிலையத்தில் இருந்து விசாரிக்க வந்தார்கள். மஞ்சள் மாத்திரை வேண்டாம் என்று எழுதியிருந்தேனே என்று மகள் போனில் அழுதது. அன்னக்கிளி என்னைக் காட்டி, இவர் படித்துச் சொல்லித்தான் கொடுத்தேன் என்றாள். நான், "எனக்கு பிரெஞ்சே தெரியாதுங்க சார், நான் எங்க படிக்கறது? பட்டைய சரி பண்ணிட்டு வந்துட்டேன்" என்றேன். பிரெஞ்சு தெரியாது என்று நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. அதை நம்பிவிட்டார்கள். அதனால் அவள் பெஞ்சுக்குப் போனாள். முசியேயின் கழுத்துச் செயினுக்காகச் செய்தாள் என்று தெருவில் பேசினார்கள். நானும் அந்தப் பேச்சில் நின்றேன், மறுத்துச் சொல்லவில்லை.

நேற்று அனைஸ் பிரான்சில் இருந்து வந்தது. போலீசார் முன்னிலையில் கம்ப்யூட்டரைப் போட்டு அந்தச் செய்தியைத் திறந்தது. அன்னக்கிளியும் நானும் சுவரோரம் நின்றோம். அனைஸ் வாய்விட்டுப் படித்தது. பப்பா, ப்ரான் பா, என்றது. பிறகு ஏட்டுக்காகத் தமிழில், "'பா'ன்னா கூடாதுன்னு அர்த்தம் சார். மஞ்சள எடுத்துக்காத, அதுவும் சாயங்காலம் கூடவே கூடாதுன்னு எழுதினேன். அப்பாவுக்கு இது கூடவா புரியல?" என்றது.

புரிந்திருக்கும். நான் எழுத்துக் கூட்டித் தப்பும் தவறுமாக வாய்விட்டுப் படித்திருந்தால்கூட அவருக்குப் புரிந்திருக்கும். சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் அர்த்தம் சொன்னேன்.

அன்னக்கிளி என்னைப் பார்த்தாள். அனைஸ் என்னிடம், "அங்கிள், அப்பா கம்ப்யூட்டர ஒழுங்கு பண்ணிக் குடுத்தது நீங்கதானாமே, தேங்ஸ்" என்றது. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போனேன், சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் மனைவி தில்லையம்மாள் என்னவென்று கேட்டாள். அவளிடம் ஒன்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அன்றுதான். அவள், "அந்தப் பொம்பள பெஞ்சில உக்காந்துகினு கீறா, நீ இங்க உக்காந்துகினு கீற" என்றாள். விடிந்ததும் வந்துவிட்டேன்.

முசியே இன்னும் கண் திறக்கவில்லை. திறந்தால் மகள் சொல்லித்தான் சாப்பிட்டேன் என்று அவர் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அதுவும் நான் சொன்ன பொய்தான், அனைஸ் எழுதியது அல்ல என்பதையும் இதில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டதில் நான் சேர்த்தது எதுவும் இல்லை, சேர்த்ததை அங்கங்கே நீக்கிவிட்டேன். எழுதி முடித்ததும் ஏட்டு, "முழுக்க படிக்கணுமா, சாரத்த சொன்னா போதுமா?" என்று கேட்டார். அர்த்தம் வேண்டாம், உள்ளதை உள்ளபடி சத்தமாகப் படியுங்கள் என்றேன். படித்தார். வெளியே பெஞ்சில் இருந்த அன்னக்கிளிக்கும் கேட்டது. சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
சு. கலியமூர்த்தி