கண்ணுக்குத் தெரியாத ஐஸ்

திண்டிவனத்தில் நான் ஏறிய விழுப்புரம் பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். விழுப்புரத்தில் லோடு ஏற்றிக்கொண்டு அவர் காஷ்மீர் போகிறார் என்பது கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

“அங்க கறுப்பு ஐஸுன்னு ஒண்ணு இருக்குது” என்றார் டிரைவர்.

“ஐஸு ஏங்க கறுப்பா இருக்குது?”

“ஐஸு கறுப்பு இல்லடி. கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில தாரு தெரியும். வெறும் ரோடுன்னு நெனச்சிக்கினு போவோம்.”

கதிரடிக்க ரோட்டில் பரப்பியிருந்த கேப்பையின் மேல் ஏறி, பஸ் லேசாக வழுக்கியது. அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“இந்த மாதிரியாங்க?”

“இதாவது கண்ணுக்குத் தெரியுது. அது, நீ ‘ஒண்ணுமில்ல’ன்னு சொல்லுவ பாரு, அந்த மாதிரி.”

அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப இன்னா பண்ணுவீங்க?”

“பிரேக்கை மிதிக்கவே கூடாது. ஸ்டீரிங்கை வெடுக்குனு திருப்பக் கூடாது. ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டு, கம்முனு இருக்கணும்.”

விக்கிரவாண்டி தாண்டியதும் அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னாடி?”

“ஒண்ணுமில்ல.”

டிரைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, மனைவியின் மடியிலிருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தார்.

விழுப்புரம் நெருங்கும்போது அந்த அம்மாளே திரும்பினார்.

“பொங்கலுக்கு வந்துடுவீங்க இல்ல?”