சீமைச் செடிக்கு நல்லம்மா ஊத்தாத தண்ணி

காலைல ஆறே காலுக்கு எண்ணினேண்ணே, பதினோரு எலை. இப்ப எண்ணிப் பாருங்க... ஒம்பது! பத்துகாஜாவுல ரயிலேறி கால் மணி நேரம் ஆகல, அதுக்குள்ள ரெண்டு எலை போச்சு. எல்லாம் அந்த நல்லம்மா செஞ்ச வேலை.

தள்ளி ஒக்காராதீங்கண்ணே, சட்டி கடிக்காது. எம் பேரு சன்னாசி. ரப்பர் தோட்டத்துப் பங்களாவுல பூச்செடியெல்லாம் நாந்தான் பாக்குறேன். நல்லம்மா உள்ள கூட்டிப் பெருக்குறவ. பெருக்கிட்டுச் சும்மா இருக்கணுமா இல்லியா? செடிகிட்ட அவளுக்கு என்ன வேலைங்கிறேன்!

இது சீமைச் செடி. சீடம்னு பேராம். கல்லு மேலகூட மொளைக்குமாம். தொரசானி கப்பல்ல கொண்டாந்தது. எலையெல்லாம் பச்சப்புள்ள வெரல் மாதிரி கொழுகொழுன்னு... இருந்துச்சு. இப்ப தொட்டாலே கொழஞ்சு போவுது. ஏப்ரல்ல தொரசானி ஊருக்குப் போறப்ப நூத்திச் சொச்சம் எலை. வார மாசம் திரும்பி வாராங்க. எங்க என் செடின்னு கேப்பாங்களா மாட்டாங்களா?

கேட்டுட்டா என் கதி என்ன? மறுநாளே மலைக்காட்டுக்குப் போ, பால் வெட்டுன்னுடுவாங்க. ஏழு வருசம் வெட்டினேண்ணே. இந்த முட்டியப் பாருங்க... மடக்கினா நீட்ட முடியாது, நீட்டினா மடக்க முடியாது. ஆபீசுல கணக்கெழுதுற கிராணி தொரைசிங்கத்துக்கு எத்தன கும்பிடு போட்டு இந்த வேலைய வாங்கினேன் தெரியுமா! அதான் ஈப்போவுக்கு ஓடுறேன். பாசார்ல பூச்செடிக் கடை வெச்சிருக்கிற சீனத் தவுக்கே ஒருத்தர் மருந்து தருவாராம்.

நல்லம்மா என்ன சொல்றா கேளுங்க. "தொரசானி எனக்கு வெரல வெச்சுக் காட்டிட்டுப் போனாங்கண்ணே. மண்ணுல வெரல விட்டுப் பாக்கணும். காஞ்சிருந்தாத்தான் தண்ணி"ங்கிறா. வெரல விட்டுப் பாக்க அதென்ன கொழம்பா? நான் காலைல பெரட்டுல ஆள் எண்ணுற மாதிரி வரிசையாப் போவேன். பால் புடிக்கிற மங்கு இருக்குல்ல, அதுல சட்டிக்கு ஒரு மங்கு. ஒருத்தன மட்டும் விட்டுட்டுப் போனா பாவமில்லியா? பக்கத்துச் சட்டிக்கு ஊத்துறத அது பாத்துக்கிட்டு நிக்கும்லா!

ஒரு மங்குல ஒரு செடி அழுகுமா? அழுகாது. ஆனா அழுகியிருக்கு. அப்ப வேற யாரோ ஊத்தியிருக்கணும். வேற யாரு இருக்கா அங்க? பாத்தியான்னு கேக்காதீங்க... பாக்கல. கிராணிகிட்ட சொல்லிட்டேன். அவரும் தலைய ஆட்டினாரு. தொரசானி வந்ததும் அவள புல்லு வெட்ட அனுப்பிடுவாரு. அனுப்பட்டும்!

பைத்தியம்ணே அவ. உதிர்ந்த எலைய எல்லாம் பொறுக்கி, ஒரு பால் டின்னுல மணலக் கொட்டி, மேல பரப்பி வெச்சிருக்கா. நடவும் இல்ல, பொதைக்கவும் இல்ல, அப்பளம் காய வெச்ச மாதிரி சும்மா கெடக்குது. தண்ணியா? ம்ஹூம், எப்பவாவது ஒரு தெளிப்பு. டின்னு அடியில ஆணியால ஏழெட்டு ஓட்ட வேற! என்னமோ நூலு மாதிரி வேர் விட்டுருச்சுன்னு காட்டினா. நான் சரியாப் பாக்கல...

ஓட்டைன்னதும் ஞாபகம் வருது. இதுவும் ஓட்டச் சட்டிதாண்ணே! சீமையில செஞ்சதுக்கு அடியில கட்டவெரல் போற ஓட்ட! மத்த சட்டியெல்லாம் தரையில நிக்குது, ஒழுகினா ஒழுகட்டும். இது வராந்தா மேசையில. துணியெல்லாம் நனையுது. ஏழு வருசம் பால் வெட்டினவன் ஒரு ஒழுகலப் பாத்துட்டுப் போவானா? ஒழுகுற மங்க வெச்சா கங்காணி வாயில எப்படியெல்லாம் வரும்! மரத்துல காஞ்சு ஒட்டியிருக்குமே ஒட்டுப்பால், அதக் கொஞ்சம் உரிச்சேன், உருட்டினேன், ஓட்டையில அமுக்கினேன். மே மாசத்துலேருந்து ஒரு சொட்டு ஒழுகலண்ணே! நல்லம்மா அதுக்கும் மூஞ்சியச் சுளிச்சா. நம்ம கைவேல அவளுக்குப் பொறுக்காது.

நம்பலியா? இருங்க, அந்த அடைப்ப இழுத்தே காட்டுறேன். லேசுல வராது... அமுக்கினது யாரு... ம்ம்... ம்ம்ம்...

அய்யய்யோ! அண்ணே, வேட்டி! வேட்டியத் தூக்குங்க! அட நிக்க மாட்டேங்குதே... இன்னும் வருதே... என்னா நாத்தம் இது!

...

இவ்வளவு தண்ணியா உள்ள நின்னுச்சு? மே மாசத்துலேருந்தா?

ஒரு மங்குதாண்ணே ஊத்தினேன். தெனம் ஒரு மங்கு... நான் கிராணிகிட்ட வேற சொல்லிட்டேனே... அவ புல்லு வெட்டப் போவாளேண்ணே இப்ப...

எங்க எந்திரிக்கிறீங்க? இது லாகாட் டேசன்லா! ஈப்போ இன்னும் வரல! ஈப்போவுக்குத்தான டிக்கெட்டு வாங்கினீங்க? அண்ணே!... அண்ணே, குடைய விட்டுட்டுப் போறீங்க!

*

1926 நவம்பர் 15ஆம் தேதி காலைப் பெரட்டில் கிராணி துரைசிங்கம் இரண்டு பெயர்களை வாசித்தார். சட்டியில் இருந்த தண்ணீரைப் பற்றி அவரிடம் சன்னாசியே போய்ச் சொல்லியிருந்தார். பங்களாப் பூந்தோட்ட வேலை நல்லம்மாளுக்குக் கொடுக்கப்பட்டது. சன்னாசி பதினேழாம் நம்பர் மலைக்காட்டுக்குப் பால் வெட்டப் போனார்.