வைக்கோல் போருக்கும் அடுப்புக்கும் நடுவே நின்ற பேனல்

பெயர் அம்சவல்லி, வயது 44, க/பெ. ரெத்தினம், மேலத்தெரு, மணல்வாய்க்கால் கிராமம், சீர்காழி வட்டம். தொழில் விவசாயம். வாயும் கொஞ்சம் நீளம் என்று எழுதச் சொல்லி என் கணவர் பின்னால் நின்று சொல்கிறார். எழுதிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

பக்கத்து நிலத்துக்காரர் துரைக்கண்ணு அவர்களின் வைக்கோல் போருக்கு நான் வேண்டுமென்றே தீ வைத்ததாக அவர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி இதைச் சொல்கிறேன்.

எங்கள் நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் அவர் குடும்பத்திடமிருந்து எடுக்கப்பட்டு என் மாமனாருக்குப் பட்டாவானது. அது முதல் நடுவில் இருக்கும் வரப்பு யாருக்கு என்று கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. அவருடைய மாடு எங்கள் வயலில் இறங்கினால் நான் மாட்டைத்தான் திட்டுவேன், அவர் காதில் விழும்படி.

எங்கள் மேட்டு நிலத்தில் மீனுக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று என இரண்டு குளிர் அறை கட்ட ஏற்பாடு செய்தோம். சுவருக்குப் பேனல் விற்கும் அதிராம்பட்டினம் கலந்தர் என்பவர் கதவு அளவில் இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டுக்கும் இருபுறமும் வெள்ளைத் தகரம். ஒன்றின் உள்ளே ஃபோம். மற்றதின் உள்ளே ராக்வூல், அதாவது கல்லை உருக்கிப் பஞ்சாக்கியது. “ஃபோம் லேசு, குளிர் நல்லா நிக்கும். தீன்னு வந்தா ராக்வூல்தான் தாங்கும். யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார். குளிர் அறையில் தீக்கு என்ன வேலை என்று நான் ஃபோமையே முடிவு செய்துவிட்டேன்.

அதன் பிறகு மறுநாள் காலை நெல் அவிக்க அடுப்பு மூட்டினேன். காற்று சுழற்றியடித்ததாலும், மறைப்புக்கு வைக்கும் பழைய தகரம் கைக்கு அகப்படாததாலும், இதுவும் தகரம்தானே என்று இரண்டு பேனலையும் அடுப்பின் இருபுறமும் சாத்தினேன். அப்போது அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன். அதன் பிறகு ஃபோம் பேனலின் வெட்டிய ஓரத்தில் தீப்பற்றி, கரும்புகை கிளம்பி, எரியும் துண்டுகள் பறந்து, வரப்பை ஒட்டி இருந்த துரைக்கண்ணு அவர்களின் போரில் விழுந்தன.

அதன் பிறகு அவர் ஈரச் சாக்குடன் ஓடிவந்து போரில் விழுந்ததை அடித்து அணைத்தார். மேலும் துண்டுகள் பறக்கவே, “அந்த முனையைப் புடிங்க!” என்று நான் கத்தினேன். அவர் ஒரு முனையும் நான் ஒரு முனையுமாக கையில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ராக்வூல் பேனலைத் தூக்கி, போருக்கும் அடுப்புக்கும் நடுவில் நிறுத்தி, என் கணவர் மோட்டார் தண்ணீரைத் திருப்பும் வரை பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் பேனலின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து, “என்னம்மா இது, அந்தப் பக்கம் அப்புடி எரியிது, இந்தப் பக்கம் கை வைக்க முடியிதே!” என்றார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. “உள்ள கல்லுங்க” என்றேன்.

தீ அணைந்ததும் அவருக்கு வரப்பு வழக்கு ஞாபகம் வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே இங்கே வந்து புகார் கொடுத்தார். ஒரு பக்கம் கருகிய அந்த ராக்வூல் பேனலும் சாட்சிப் பொருளாக இங்கே வந்தது. தீ வைத்த வழக்குப் பதிவானால் குளிர் அறைக்கு அனுமதி கிடைக்காது என்பதால் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இன்று நிலையத்து பெஞ்சில் அவர் ஒரு கோடியிலும் நான் ஒரு கோடியிலும் உட்கார்ந்திருந்தபோது, என்னைப் பார்க்காமலே, “ரூமுக்கு எதைப் போடப் போற?” என்றார்.

“ராக்வூல்தாங்க.”

“நாலு செவுருக்குமா?”

“கூரைக்கும் சேத்துங்க.”

“அப்ப எம் மல்லிப்பூவுக்கு ஒரு தட்டு ஒதுக்கி வையி.”

அதன் பிறகு அவர் எழுந்து போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். இனி நெல் அவிக்கும்போதெல்லாம் அந்தப் பேனல் அவர் போருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. எனக்குச் சம்மதம். ஆகையால் அதைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அது நிற்கப்போகும் இடம் வழக்கிலுள்ள அதே வரப்பு. எனவே அந்தப் பேனலை எல்லைக் கல்லாக யாரும் கருதக் கூடாது என்பதையும், ஒரு முனையைப் பிடித்த காரணத்தால் அதில் அவருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்பதையும் அவர் முன்னிலையிலேயே சொல்லிக்கொள்கிறேன். அவர் சிரித்தார். அதையும் எழுதிக்கொள்ளவும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ரெ. அம்சவல்லி
சாட்சி: (ஒப்பம்) துரைக்கண்ணு